சொந்த நாயை நாமே ரிங்கில் நடத்துவதில் புதியவருக்கு மகிழ்ச்சி உண்டா?

கோவைப் புதியவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மைனா என்ற 11 மாத வயதுள்ள கறுப்பு லாப்ரடார் பெண் நாய் இருக்கிறது. குழந்தைகளுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் வாங்கினோம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழ் அதனுடன் வந்தது. அதை வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துவிட்டு மறந்தும் போனோம். குட்டியைக் கொடுத்தவர் இரண்டு மாதங்களுக்கு முன் வந்திருந்தபோது, அதன் தலையையும் வாலையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு டாக் ஷோவுக்குக் கொண்டுபோய்த்தான் பாருங்களேன்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி நுழைவுப் படிவம் அனுப்பினேன்.

காட்சி நாளன்று விடியற்காலை 4 மணிக்குக் காரில் கிளம்பி 7 மணிக்கு மைதானத்தை அடைந்தோம். வாயிலில் தடுப்பூசி அட்டையைப் பார்த்தார்கள். தோலுக்கடியில் உள்ள சிப்பைப் படிக்கும் ரீடரை மைனாவின் கழுத்துக்கு மேல் ஓட்டி 15 இலக்க எண்ணைச் சரிபார்த்தார்கள். என் கையில் கட்டிக்கொள்ள ஓர் எண் அட்டையைக் கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தபோது மணி 11:45. அதற்குள் குழந்தைகள் களைத்துப்போய்க் காரில் உறங்கிவிட்டனர். நடுவர் நாய்களைப் பார்க்கும் களமான ரிங்கில் நாங்கள் இருந்தது இரண்டு நிமிடங்கள் இருக்கலாம். எனக்கு முன்னால் நின்றவரின் நாய் சிலைபோல் நின்றது. நடுவர் எங்களை நோக்கி வந்தவுடன் மைனா புல்தரையில் உட்கார்ந்துவிட்டது. நான் தூக்கி நிறுத்தினேன், மீண்டும் உட்கார்ந்தது. பற்களைப் பார்க்க அவர் உதட்டைத் தூக்கியதும் தலையைத் திருப்பிக்கொண்டு என் கால்களுக்கு இடையில் புகுந்தது. நான்கு நாய்களில் நான்காவது இடம். "எடை கூடுதலாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அடுத்த வகுப்புக்கு, அதாவது அடுத்த போட்டிப் பிரிவுக்கு, போய்விட்டார்.

டீசல், நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 7,000 ரூபாய் செலவானது. "இதற்காகவா இவ்வளவு தூரம்?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அன்று இரவு முழுவதும் அந்த முன்னால் நின்ற நாயையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கேள்வி இதுதான்: சாம்பியன் பட்டம் வாங்கப்போவதில்லை என்று தெரிந்தே வரும் ஒருவருக்கு இந்தப் பொழுதுபோக்கில் மகிழ்ச்சி கிடைக்குமா? அல்லது நாயை ஒரு ஹேண்ட்லரிடம் (பணம் வாங்கிக்கொண்டு நாயை ரிங்கில் நடத்துபவரிடம்) ஒப்படைத்துவிட்டு வெளியே நின்று பார்ப்பது நல்லதா?

குன்னூர்க்காரர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த நான்காவது இடத்துக்கு என் வாழ்த்துகள். என் முதல் காட்சியில், காக்கர் ஸ்பானியல் ஒன்றோடு போயிருந்தேன், என் நாய் நடுவரின் காலணி மீது சிறுநீர் கழித்தது; ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி மைதானத்தில் மே மாதக் கூட்டம் முழுவதும் அதைப் பார்த்தது. அதற்குப் பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் இரண்டு நிமிடம் என்று எழுதியதைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் அந்த இரண்டு நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பது புரியாதவரை இதில் யாருக்கும் சுவை ஏற்படாது. நடுவர் உங்கள் நாயைப் பக்கத்து நாயோடு மட்டும் ஒப்பிடவில்லை. அந்த இனத்துக்கென எழுதப்பட்ட தர வரையறை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாயும் அதற்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதைத்தான் அவர் முதலில் பார்க்கிறார். லாப்ரடார் பெண் நாயின் உயரம் 54 முதல் 56 செ.மீ. வரை என்று அந்த வரையறை சொல்கிறது. ஆண் நாய்க்கு 56 முதல் 57 செ.மீ. வால் அடியில் பருத்து, நுனிக்குப் போகப்போகச் சிறுத்து, சுற்றிலும் அடர்ந்த குட்டை முடியோடு நீர்நாயின் வாலைப்போல இருக்க வேண்டும். மேல்முடிக்குக் கீழே தண்ணீர் புகாத அடிமுடி இருக்க வேண்டும். நடுவர் முடியை எதிர்த்திசையில் விரலால் கோதுவது அதைத் தேடித்தான். பற்களைப் பார்ப்பது மேல்வரிசை கீழ்வரிசையை ஒட்டி மூடுகிறதா என்பதற்காக. தோளைத் தொடுவது எலும்பின் சாய்வை அறிவதற்காக. பிறகு நாயை நேராக ஓடவிட்டுத் திரும்பி வரச் சொல்வார்: போகும்போது பின்னங்கால்களையும் வரும்போது முன்னங்கால்களையும் பார்க்கிறார். வட்டமாக ஓடும்போது பக்கவாட்டில் கால் எவ்வளவு தூரம் எட்டுகிறது, முதுகு ஆடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். நாயை இடக்கைப் பக்கம் பிடித்துக்கொண்டு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடச் சொல்வதற்குக் காரணம், நடுவில் நிற்கும் அவருக்கும் நாய்க்கும் இடையில் நம் கால்கள் வந்து மறைக்கக் கூடாது என்பதே.

இதைத் தெரிந்துகொள்ள நாயைக் கொண்டுபோகவே தேவையில்லை. அடுத்த காட்சிக்கு மைனாவை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு மடக்கு நாற்காலியோடு தனியாகப் போங்கள். அன்று போட்டியிடும் நாய்களின் பட்டியலான கேட்லாக் ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டு லாப்ரடார் ரிங்கின் ஓரத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் நடுவர் முடிவு சொல்வதற்கு முன், உங்கள் கணக்கில் முதலிடம் எது என்று பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு அவர் முடிவை அருகில் எழுதுங்கள். முதல் நாளில் பெரும்பாலும் தவறாகத்தான் வரும். சில காட்சிகள் கழிந்தபின் ஒருநாள் உங்களுடைய முதலிடமும் அவருடைய முதலிடமும் ஒன்றாக அமையும். அன்று உங்களுக்கு ஏற்படும் மகிழ்ச்சிக்கு உங்கள் நாய் அங்கே இருக்க வேண்டிய அவசியம்கூடக் கிடையாது.

எடை பற்றி அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். நம் வீட்டு லாப்ரடார்களுக்குத் தயிர்ச் சாதம் ஒரு பெரிய சத்துரு.

ஒன்று கேட்க வேண்டும்: மைனா உட்கார்ந்த அந்த நொடியில் உங்கள் வலக்கையில் என்ன இருந்தது?

கசப்பு மருந்து எழுதியது:

மூத்தவர் அழகாகச் சொல்கிறார், ஆனால் பாதியைத்தான் சொல்கிறார். ரிங்குக்குள் நாய் பாதி, நாயைப் பிடித்திருக்கும் முகம் பாதி. தெரிந்த ஹேண்ட்லர் கொண்டுவந்தால் முதல் இரண்டு இடங்களில் ஒன்று உறுதி என்பதை ஐந்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதியவரே, 7,000 ரூபாய்க்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வால்பாறை போய் வந்திருக்கலாம்; மைனாவும் ஓடையில் குதித்து மகிழ்ந்திருக்கும்.

கோவைப் புதியவர் எழுதியது:

குன்னூர் ஐயா கேட்டதற்குப் பதில்: வலக்கையில் பிஸ்கட் இருந்தது. நாய் பதற்றமாக இருக்கிறதே என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்தவுடன்தான் உட்கார்ந்தது என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. எங்கள் வீட்டில் பிஸ்கட் வேண்டுமென்றால் முதலில் உட்கார வேண்டும் என்று என் மகள் மிகுந்த கண்டிப்போடு பழக்கியிருக்கிறாள்.

லீட் பிடிப்பவன் எழுதியது:

நான் இதைத் தொழிலாகச் செய்பவன். ஆகவே என் பேச்சைச் சற்று ஐயத்தோடே கேளுங்கள்.

மைனா தவறு எதுவும் செய்யவில்லை என்பது இப்போது உங்களுக்கே தெரிந்துவிட்டது; கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் அது இரண்டு முறை சொல்லியிருக்கிறது. ஷோவுக்குப் பழக்கும் குட்டிகளுக்கு ஆரம்பத்தில் உட்காரக் கற்றுக்கொடுப்பதையே நாங்கள் தள்ளிப்போடுவது இதனால்தான். இப்போது அதை மறக்கடிக்க முயல வேண்டாம். வேறொரு தின்பண்டத்தை, வேறொரு சொல்லோடு, நிற்பதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, கட்டைவிரல் நகத்தளவு துண்டுகளாக நறுக்கி, வெறும் வாணலியில் ஈரம் போகும்வரை புரட்டி எடுத்தால் கையில் பிசுபிசுக்காது, சட்டைப் பையும் நாறாது. (ஓரளவு நாறத்தான் செய்யும். என் மனைவி என் ஷோ சட்டைகளைத் தனியாகத்தான் துவைக்கிறார்.) நாய் நான்கு கால்களில் நிற்கும்போது மட்டும் ஈரல் வர வேண்டும். உட்கார்ந்தால் ஒன்றும் பேசாமல் ஓரடி முன்னால் நடந்து, அது எழுந்து நின்றவுடன் கொடுக்க வேண்டும். கையை அதன் மூக்குக்கு மேலே தூக்கினால் பின்பக்கம் தானாகத் தாழும். மூக்கின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ பிடிப்பது நல்லது.

வாயைப் பழக்குவது வேறு கதை. முதல் சில நாட்கள் உதட்டின் ஓரத்தை ஒரு நொடி தூக்கிவிட்டு உடனே ஈரல் கொடுங்கள். பிறகு முன்பற்கள் தெரியும்வரை, பிறகு பக்கவாட்டுப் பற்கள் தெரியும்வரை. நீங்கள் செய்யும்போது நாய் அசையாமல் நிற்கிறது என்றால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். அண்டை வீட்டுக்காரர், பால்காரர், தொப்பி போட்டவர், கண்ணாடி அணிந்தவர் என்று அந்நியர் ஒரு பத்துப் பேராவது செய்து பார்க்க வேண்டும். ஷோ லீட், அதாவது காட்சியில் நாயைப் பிடிக்கும் வார், மெல்லியது. அது காதுகளுக்குப் பின்னால், கழுத்தின் உச்சியில் இருக்க வேண்டும். புதியவர்கள் பயத்தில் அதை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பதால் முன்னங்கால்கள் தரையில் சரியாகப் பதியாமல், நல்ல தோளுள்ள நாய்கூட மோசமான தோளுள்ளதாகத் தெரிகிறது.

ஹேண்ட்லரிடம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் தொழிலுக்கு விரோதமாகவே பதில் சொல்கிறேன். உங்களுக்குச் சாம்பியன் பட்டத்துக்குத் தேவையான சாலஞ்ச் சர்டிபிகேட்டும் பெயருக்கு முன்னால் பட்டமும் விரைவாக வேண்டுமென்றால், நாயும் அதற்குத் தகுதியானதாக இருந்தால், என்னைப் போன்ற ஒருவரிடம் கொடுங்கள். வயதாலோ மூட்டு வலியாலோ ஓட முடியாதவர்களும் அப்படிச் செய்யலாம்; அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் அன்று இரவு உறங்காமல் இன்னொருவர் நாயை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆள் லீட்டை வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஒரு காட்சிக்கு நீங்கள் செய்யும் வேலை பணம் கட்டுவதும் புகைப்படம் எடுப்பதும் மட்டுமாகிவிடும். அடுத்த ஆண்டு இந்தப் பக்கமே வர மாட்டீர்கள். அப்படி வந்து போனவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் சிலர் என் வாடிக்கையாளர்கள்.

கசப்பு மருந்து அண்ணன் சொல்வதற்கு ஒரு வரி: தெரிந்த முகம் வெல்வதற்கு ஒரு காரணம், அந்த முகம் தோற்கக்கூடிய நாயைக் கையில் எடுக்க மறுத்துவிடுகிறது என்பது. இது முழு விளக்கம் ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

திருச்சி கால்நடை மருத்துவர் எழுதியது:

பழக்கம் பற்றி மேலே உள்ளவர்கள் எழுதிவிட்டதால் உடல் பற்றி மட்டும் சொல்கிறேன். மைனா கறுப்பு நாய். காலை 7 மணியிலிருந்து 11:45 வரை சமவெளி மைதானத்தில் காத்திருந்திருக்கிறது. அது உட்கார்ந்ததற்கு பிஸ்கட் ஒரு காரணம் என்றால் களைப்பு இன்னொன்றாக இருக்கலாம். சமவெளியில் பெரும்பாலான காட்சிகளை மழையும் குளிரும் உள்ள மாதங்களில் நடத்துவதே வெயிலுக்கு அஞ்சித்தான். கூண்டை நிழலில் வையுங்கள். காற்று இரு பக்கமும் வந்துபோகட்டும். வீட்டுத் தண்ணீரையே கேனில் கொண்டுபோங்கள். மூச்சிரைப்பு அடங்காமல், உமிழ்நீர் கெட்டியாகி, ஈறுகள் செங்கல் நிறத்துக்கு மாறி, நடை தள்ளாடினால் ரிங், பரிசு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வயிற்றிலும் கால்களிலும் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள். மூடிய காருக்குள் நாயை விட்டுவிட்டு உணவருந்தப் போகிறவர்களை நான் காட்சி மைதானங்களிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் மரியாதையாகப் பேச எனக்கு வருவதில்லை.

எடைக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் புறங்கையை விரல்களால் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கையைத் தடவுவதுபோல இருந்தால் எடை அதிகம். மடக்கிய முட்டிகளைத் தடவுவதுபோல இருந்தால் குறைவு. ஷோவுக்காக என்று எண்ணாமல், இடுப்பு மூட்டுக்காகவே இதைச் செய்ய வேண்டும். லாப்ரடாரில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். 12 மாதம் நிறைந்தபின் எக்ஸ்ரே எடுத்தால் ஏ முதல் இ வரை தரம் பிரித்துச் சொல்லிவிடலாம். மைனாவைக் குட்டி போடவிடும் எண்ணம் உண்டென்றால் ரிப்பனுக்கு முன்னால் அந்தத் தாள் கையில் இருக்கட்டும். புல்தரையிலிருந்து திரும்பிய அன்று இரவே காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுவதை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசித் தவணை முடியாத குட்டிகளை வேடிக்கை பார்க்கக்கூடக் கூட்டிவர வேண்டாம். பார்வோ வைரஸுக்கு நுழைவுச் சீட்டு தேவையில்லை.

வெள்ளைக்காது எழுதியது:

நான் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ராஜபாளையம் நாய்கள் இருக்கின்றன. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை இந்திய நாயினங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றில் எங்கள் ஊர் நாயும் ஒன்றாக இருந்ததைக் கண்டு அப்பா அந்தத் தபால்தலையை வாங்கிச் சட்டமிட்டு மாட்டினார். அதற்குப் பின்தான் காட்சிக்குக் கொண்டுபோகும் ஆசை எனக்கு வந்தது.

லாப்ரடாருக்கு அந்நியர் என்றால் இன்னொரு நண்பர். எங்கள் நாய்க்கு அந்நியர் என்றால் அந்நியர்தான். காட்டுக் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்த இனத்தில் அது குணம், குற்றமாகாது. ஆனால் ரிங்கில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து தலை முதல் வால்வரை தொடுவார், ஆண் நாயென்றால் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்றுகூடக் கைவைத்துப் பார்ப்பார். என் நாய் முதல் இரண்டு காட்சிகளிலும் நடுவரின் கை தோளுக்கு வருவதற்குள் பின்வாங்கிவிட்டது. தொட முடியாத நாயை அவர் எப்படி மதிப்பிடுவார்? அந்த இனத்தில் அன்று வந்திருந்தது என் நாய் மட்டும்தான், ஆனாலும் வெறுங்கையோடுதான் திரும்பினேன்.

அதன்பின் எட்டு மாதங்கள், வாரத்தில் மூன்று மாலைகள், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு அதை நடத்திக்கொண்டு போனேன். முதல் மாதம் கடையிலிருந்து முப்பதடி தள்ளி நின்றோம். யாரும் தொடவில்லை, யாரும் கூப்பிடவில்லை. நான் டீ குடித்தேன், அது பேருந்துகளைப் பார்த்தது. பிறகு பெஞ்சுக்கு அருகில் வந்தோம். டீ மாஸ்டர் அதைப் பார்க்காததுபோல இருக்கப் பழகிக்கொண்டார். அவருக்கு இருந்த பொறுமை எனக்கு இருந்ததா என்று தெரியவில்லை. ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் அவர் கண்ணாடித் தம்ளரைக் கழுவிய ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, குனியாமல், பக்கவாட்டில் நின்றபடி அதன் முதுகில் கையை வைத்தார். காதுகள் ஒரு முறை பின்னால் போயின, அவ்வளவுதான்.

அடுத்த காட்சியில் நடுவர் அதன் பற்களைப் பார்த்தார், தோளைத் தொட்டார், பின்னங்காலை எடுத்து வைத்துப் பார்த்தார். அது நின்றது. அன்றும் எங்கள் இனத்தில் வேறு நாய் கிடையாது. ஆகவே முதலிடம் என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. பிற்பகலில் மற்ற இனத்து நாய்களோடு குரூப் போட்டியில் இடம் எதுவும் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்ததும் டீ மாஸ்டரிடம்தான் முதலில் போய்ச் சொன்னேன்.

வெள்ளை ராஜபாளையம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: தூய வெள்ளைக் குட்டிகளில் காது கேளாமை வருவதுண்டு. தட்டைத் தட்டியும் கதவுக்குப் பின்னால் நின்று விசிலடித்தும் பார்த்துவிட்டு வாங்குங்கள். என் பெயரின் காரணமும் அதுதான். என் முதல் குட்டிக்கு ஒரு காது கேட்காது.

கசப்பு மருந்து எழுதியது:

டீக்கடைக் கதையைப் படித்தபின் சண்டை போட மனம் வரவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் ஒரே நாளில் ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு காட்சிகளை இரண்டு நடுவர்களை வைத்து நடத்துவது வழக்கம். என் டாபர்மேன் காலையில் வகுப்பில் முதலாவது. பிற்பகலில் அதே நான்கு நாய்களில் மூன்றாவது. மதிய உணவு இடைவேளையில் என் நாய்க்குத் தோள் மாறிவிட்டதா? எழுதப்பட்ட வரையறை ஒன்றே என்றால் இரண்டு விடைகள் எப்படி வரும்?

குன்னூர்க்காரர் எழுதியது:

நியாயமான கேள்வி. வரையறை ஒன்றுதான், ஆனால் குறையே இல்லாத நாய் என்று ஒன்று கிடையாது. உங்கள் நாய்க்குத் தலை அழகு, பின்னங்கால் கோணம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து நாய்க்கு நடை அருமை, கண் வெளிர் நிறம். எந்தக் குறையை மன்னிப்பது என்பதில்தான் இரண்டு நடுவர்கள் வேறுபடுகிறார்கள். நடைக்கு முதலிடம் கொடுப்பவர், தலைக்கு முதலிடம் கொடுப்பவர் என்று ரிங்கின் ஓரத்தில் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த பகுதி, ஒரே நாளின் அந்த இரண்டு முடிவுகளையும் பக்கம் பக்கமாக எழுதிவைத்து, இரவில் அவற்றுக்குக் காரணம் தேடுவது.

முகம் பார்க்கும் நடுவர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. இந்தக் குற்றச்சாட்டுக்கு வயது அதிகம். 1859 ஜூன் மாதம் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில், கால்நடைக் கண்காட்சி ஒன்றோடு சேர்த்து, பாயின்டர், செட்டர் ஆகிய இரண்டு இனங்களுக்கு மட்டும் நடந்ததைத்தான் முறையாக நடத்தப்பட்ட முதல் நாய்க் காட்சி என்று சொல்கிறார்கள். பரிசு, வேட்டைத் துப்பாக்கி. அங்கே செட்டர் பிரிவின் நடுவர்களில் ஒருவருடைய நாய் பாயின்டரில் வென்றது. பாயின்டர் பிரிவின் நடுவர்களில் ஒருவருடைய நாய் செட்டரில் வென்றது. ஆகவே, கசப்பு மருந்தாரே, உங்களுக்கு 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாரம்பரியம் இருக்கிறது.

அத்தகைய நடுவரின் பெயர் அழைப்பிதழில் இருந்தால் நான் நுழைவுக் கட்டணம் கட்டுவதில்லை. அதற்குமேல் என்னால் செய்யக்கூடியது எதுவுமில்லை, கோபப்பட்டுப் பார்த்தும் இருக்கிறேன்.

பீகிள் அம்மா எழுதியது:

நான் சென்னையில் இருக்கிறேன். புதியவரின் குழந்தைகள் காரில் உறங்கிவிட்டனர் என்ற வரிதான் எனக்குப் பட்டது. பல காட்சிகளில் சிறுவர்களுக்கென்று ஹேண்ட்லிங் போட்டி தனியாக நடக்கும். அதில் நாயின் தரத்துக்கு மதிப்பெண் கிடையாது, பிள்ளை எப்படி நாயை நடத்துகிறாள், எவ்வளவு அமைதியாக இருக்கிறாள் என்பதை மட்டுமே பார்ப்பார்கள். உட்காரப் பழக்கிய கண்டிப்பான மகள் ஒருத்தி உங்கள் வீட்டிலேயே இருக்கிறாளே, ஐயா! நிற்கப் பழக்கும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, ரிங்குக்குள் போகுமுன் யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள்; எல்லோரும் கடுகடுவென்று இருப்போம். முடிந்தபின் அதே ஆட்களிடம் ஃபிளாஸ்க் காப்பியோடு போனால் இரண்டு மணி நேரம் நாயைப் பற்றிப் பேசுவார்கள். என் பீகிளின் காதுகளைச் சுத்தம் செய்ய நான் கற்றுக்கொண்டது என்னைத் தோற்கடித்த ஒருவரிடம்தான்.

கோவைப் புதியவர் எழுதியது:

ஒன்பது வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். இடையில் ஒரு காட்சிக்கு நாயில்லாமல், நாற்காலியோடும் பென்சிலோடும் போனேன். லாப்ரடாரில் ஏழு வகுப்புகளில் ஒன்றில் மட்டும் என் முதலிடமும் நடுவரின் முதலிடமும் ஒத்துப்போயின. அதுவும் இரண்டே நாய்கள் இருந்த வகுப்பு.

மைனா 33 கிலோவிலிருந்து 29 கிலோவுக்கு வந்திருக்கிறது. தயிர்ச் சாதம் நிறுத்தப்பட்ட முதல் வாரம் அது சமையலறை வாசலில் படுத்துக்கொண்டு எங்கள் அனைவரையும் குற்றவாளிகளாக்கியது. நிற்கும் பழக்கத்தை மகள் எடுத்துக்கொண்டாள். "நில்" என்றால் ஈரல், "உட்கார்" என்றால் பிஸ்கட் என்று இரண்டு டப்பாக்கள். தபால்காரர், எரிவாயு உருளை கொண்டுவருபவர், மாடி வீட்டுத் தாத்தா ஆகியோர் மைனாவின் பற்களைப் பார்த்திருக்கிறார்கள். தாத்தா ஒவ்வொரு முறையும் "நல்ல பல், எனக்கில்லை" என்பார்.

சென்ற ஞாயிறு மீண்டும் ரிங்குக்குள் போனோம், காலை ஒரு காட்சி, பிற்பகல் ஒன்று. கூண்டை வேப்ப மரத்தடியில் வைத்து, எங்கள் முறைக்குச் சற்று முன்புதான் வெளியே எடுத்தோம். என் கைகள் நடுங்கியதால் லீட்டின் முனை என் சட்டைப் பொத்தானில் அடித்துக்கொண்டே இருந்தது. நடுவர் வந்தார். மைனா என் கையிலிருந்த ஈரலைப் பார்த்தது, நின்றது. அவர் உதட்டைத் தூக்கியபோது அதன் வால் மெல்ல ஆடியது. தபால்காரர் என்று நினைத்திருக்க வேண்டும். தோள், விலா, தொடை, வால் என்று அவர் கை போன வழியெல்லாம் என் கண்ணும் போனது, முதல்முறையாக அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நேராக ஓடித் திரும்பும்போது நான்தான் தவறான பக்கம் திரும்பி மைனாவின் காலை மிதிக்கப் பார்த்தேன். காலையில் ஐந்தில் மூன்றாவது, பிற்பகலில் ஐந்தில் நான்காவது. ரிங்கைவிட்டு வெளியே வந்ததும் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வகுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்த மஞ்சள் நாயின் முதுகு ஓடும்போது ஆடுகிறது" என்றார்.

குன்னூர் ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் வகுப்பில் சாக்லேட் நிற நாய் ஒன்றைத்தான் நான் மனத்துக்குள் முதலிடத்தில் வைத்திருந்தேன். காலை நடுவர் அதற்கு இரண்டாம் இடம் கொடுத்தார்; பிற்பகல் நடுவர் முதலிடம் கொடுத்தார். காலையில் அதை இரண்டாவதாக்கியது எது என்று நான்கு நாட்களாக யோசிக்கிறேன். முன்னங்கால்களைச் சற்றுக் குறுக்காக வைத்து நடந்ததுபோல ஒரு நினைவு, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

குன்னூர்க்காரர் எழுதியது:

அது உங்களை நோக்கி வரும்போது பார்த்தீர்களா, பக்கவாட்டில் பார்த்தீர்களா? அந்த நாயின் உரிமையாளரிடம் ஃபிளாஸ்க்கோடு போனீர்களா? அடுத்த முறை போய், தோளைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள், பேசுவோம். காட்சியில் எடுத்த காணொளி ஏதேனும் இருந்தால் அதையும் போடுங்கள். உங்கள் வீட்டு அம்மையாருக்கு ஒரு கேட்லாக் தனியாக வாங்கிக்கொடுத்துவிடுங்கள்.